நாடித் துடிப்பின் ஒழுங்கின்மையும் பக்கவாதமும்

(ஜமாஅத் மருத்துவ முகாமின் நிறைவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று காலை நாடி பிடித்துப் பார்த்தபோது சிலர், "எனக்குப் படபடப்பே இல்லையே, ஈ.சி.ஜி. எதற்கு?" என்று வினவினர். அவ்வினாவுக்கு விடை கூறவே விழைகின்றேன்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்கி உறைகின்றது. அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதன் ஆபத்து இவர்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு. மூச்சிரைப்பு, களைப்பு தோன்றலாம். எதுவும் தோன்றாமலும் இருக்கலாம்.

மேலை நாடுகளில் இது பெரும்பாலும் முதியோர் நோய். நம் நிலை வேறு. 46 நாடுகளின் நோயாளிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், வட அமெரிக்கரில் 2.2 சதவீதத்தினருக்கே வாதக்காய்ச்சலால் விளைந்த இதயநோய் இருந்தது, இந்தியரில் 31.5 சதவீதத்தினருக்கு இருந்தது. சிறுவயதுத் தொண்டைப்புண்ணும் மூட்டுவலிக் காய்ச்சலும் விட்டுச் சென்ற வடு அது. மைட்ரல் வால்வு சுருங்கிய இளம் தாய்மாரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை.

துடிப்பின் வேகத்தைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. தாளத்தைச் சீராக்க மின் அதிர்ச்சியும் அப்லேஷனும் உண்டு. அவற்றை மருத்துவர் முடிவு செய்வார். நோயாளியின் கையில் இருப்பது இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. உடல் நன்றாக இருக்கின்றதென்று பலர் நிறுத்துவது இதைத்தான்! ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது.

அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துள்ளமை உண்மையே. வால்வு நோய் இல்லாதோர் பலருக்கு அவை ஏற்றவை. ஆனால் வாதக்காய்ச்சல் இதயநோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆகவே பக்கத்து வீட்டாரின் மாத்திரையைப் பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டாம். வார்ஃபரின் உண்போர் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்கின்றதா என்று சோதித்துவர வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே அளவாக உண்டால் போதும். கடையில் வாங்கும் வலி மாத்திரை இரத்தக்கசிவை உண்டாக்கும். கருவுற விரும்பும் பெண்கள் முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம்.

ரமலானில் வேளை மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவோர் உளர். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மாத்திரை நேரத்தை எவ்வாறு அமைப்பது என்று கேட்டறியுங்கள்.

இன்று ஈ.சி.ஜி. தாளில் சிவப்புக் குறியிட்டுப் பெற்றவர்கள், அத்தாளுடன் இவ்வாரமே இதயநோய் மருத்துவரைக் காண வேண்டுகின்றேன். வஸ்ஸலாம்.