பழைய வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



தலைமையாசிரியர் என்னை அழைத்தபோது, "ஐயா, ஒழுக்கம், கல்வியின் மேன்மை, இதையெல்லாம் போன வருஷம் வந்தவரே பேசிட்டாரு. நீங்க வேற ஏதாச்சும் பேசுங்க" என்றார். எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. ஆகவே இன்று ஒரு வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு பழைய வீட்டைப் பார்க்கிறோம். இதை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள், யார் யார் குடியிருந்தார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி? அந்த வேலையைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு வெகு தூரம் போக வேண்டாம். பத்து காஜா பக்கத்தில், ராயா ஆற்றின் கரையில் கெல்லி கோட்டை இருக்கிறது. நீங்கள் எல்லாரும் பள்ளிச் சுற்றுலாவில் போய் வந்திருப்பீர்கள். கோட்டை என்கிறோமே தவிர அங்கே பீரங்கியும் இல்லை, படையும் இல்லை. ஒரு தோட்டத் துரை தன் குடும்பத்துக்காகக் கட்டத் தொடங்கிய வீடு அது. அதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் பிள்ளைகள் மூன்று விஷயம் சொல்வார்கள். பேய் இருக்கிறது, சுரங்கப் பாதை இருக்கிறது, மின்தூக்கிக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேயை நான் பார்த்ததில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அந்தத் துரையின் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870இல் ஸ்காத்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்ற நில அளவையாளரிடம் வேலை பார்த்துக் கையில் பணம் சேர்ந்ததும் கிந்தாவில் காடு வாங்கி ரப்பர் போட்டார், ஈயத்திலும் இறங்கினார். ஊர் நினைவாகத் தோட்டத்துக்கு 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயர் வைத்தார். 1903இல் ஆக்னஸ் அம்மையாரை மணந்தார். மகள் ஹெலன், பிறகு மகன் அந்தோணி. முதலில் கட்டிய வீடு சிறியது. அதன் பெயர் கெல்லாஸ் இல்லம். மகன் பிறந்த 1915ஆம் ஆண்டு வாக்கில்தான் இப்போது நாம் போய்ப் பார்க்கும் பெரிய வீட்டைத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்குக் கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன என்றும், மதராஸ் பக்கத்திலிருந்து எழுபது கைவினைஞர்கள் வந்தார்கள் என்றும் சொல்வார்கள். 1926 டிசம்பரில் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சலில் அவர் இறந்து போனார். மின்தூக்கி வாங்கப் போனவர் என்பது அதோடு ஒட்டிக்கொண்ட கதை. ஆக்னஸ் அம்மையார் இங்கே திரும்பி வந்து வாழவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு கம்பெனிக்கு விலையாயிற்று.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதல் சாட்சி வீடேதான். பெரிய வீட்டின் முன்னால் நின்று பாருங்கள். பல இடங்களில் பூச்சு இல்லை, செங்கல் அப்படியே தெரிகிறது. கட்டி முடித்த வீட்டில் பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும். முடியாத வீட்டில் வளைவை எப்படி நிறுத்தினான், எந்தச் சுவர் முதலில் வந்தது, எது பின்னால் ஒட்டியது என்று கண்ணாலேயே படிக்கலாம். பழைய செங்கல் சிலவற்றில் சூளையின் முத்திரை இருக்கும். படிக்கட்டு நடுவில் தேய்ந்திருந்தால் பல கால்கள் ஏறி இறங்கியிருக்கின்றன. தேயாமல் கூர்மையாக இருந்தால் யாரும் வாழவில்லை. பிள்ளைகளே, தொட்டுப் பார்க்கலாம், பேர் எழுதி வைக்கக் கூடாது!

இரண்டாவது, நில அலுவலகம். நம் நாட்டில் நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதைப் பதிவேடுதான் சொல்லும். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் லாட் எண் உண்டு, கிராண்டு உண்டு. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். யார் யாருக்கு விற்றார், எந்தத் தேதியில் விற்றார், அடமானம் இருந்ததா என்பதெல்லாம் அதில் ஏறியிருக்கும். பட்டணத்துக் கடைவீடாக இருந்தால் நகராண்மைக் கழகத்து வீட்டு வரிக் கணக்கும் உதவும்.

மூன்றாவது, பழைய பத்திரிகை. முன்பெல்லாம் இதற்காகக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ சிங்கப்பூருக்கோ போய் உட்கார வேண்டும். இப்போது சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஆங்கில நாளிதழ்களையும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசையும் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. வீட்டில் இருந்தபடியே தேடலாம். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. முனியாண்டி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு குமாஸ்தா நாலு விதமாக எழுதியிருப்பார்கள். கடைசி எழுத்துக்கு ஒருவர் 'ஐ' போடுவார், ஒருவர் 'வை' போடுவார். ஒரு விதத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுந்துவிடக் கூடாது.

இப்படித் தேடினால் ஒரு விந்தை தெரிய வருகிறது. நாம் நுழைவுச் சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்க்கும் அந்தப் பெரிய வீட்டைக் கட்டி முடித்து ஸ்மித் குடும்பம் குடிபுகவே இல்லை. அவர்கள் வாழ்ந்தது பக்கத்தில் இருந்த கெல்லாஸ் இல்லத்தில். அப்படியானால் 'முன்னாள் குடியிருப்பாளர்கள்' என்று யாரைத் தேடுவது?

சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் மேல்புறத்தில் தெய்வ உருவங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் ஒருவரின் உருவம் நிற்கிறது. கோட்டையைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே போவதில்லை. எனக்கு அதில் மனவருத்தம்தான். 1918இல் உலகத்தையே ஆட்டிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களிலும் புகுந்து நம் ஜனங்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போயிற்று. அந்தச் சமயம் வேலையாட்கள் "அம்மனுக்குக் கோயில் வேணும்" என்று துரையிடம் கேட்டதாகவும், அவர் கட்டிக் கொடுத்ததாகவும், அந்த நன்றிக்கு அவர் உருவத்தை வைத்ததாகவும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். துரையின் பெயர், பிறந்த ஊர், இறந்த நோய் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு குழைத்தவர், செங்கல் சுமந்த அம்மா, காய்ச்சலில் போன பிள்ளை, இவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?

நில அலுவலகத்தில் இருக்காது. லயத்து வீடு குடியிருந்தவனுக்குச் சொந்தமில்லை. கிராண்டில் கம்பெனியின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, அங்கேயே எட்டுப் பிள்ளை பெற்று, அங்கேயே செத்திருந்தாலும் பதிவேட்டில் அவன் பெயர் ஒரு வரி வராது. அதனால் லயத்து வீட்டின் வரலாற்றைத் தேடுகிறவன் வேறு பாதையில் போக வேண்டும்.

அந்தப் பாதை நம் வீட்டுத் தகரப் பெட்டியில் ஆரம்பிக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் எழுதியிருக்கும்; தோட்டத்தின் பெயர், சில சமயம் டிவிஷன் கூட இருக்கும். 1948இல் அவசரகாலம் வந்தபோது கொடுக்கத் தொடங்கிய அடையாளக் கார்டு, 1951இல் வந்த ஊழியர் சேமநிதிக் கணக்கு, கல்யாணப் படத்தின் அடியில் அச்சிட்ட ஸ்டூடியோவின் பெயரும் ஊரும், திருவிழா நோட்டீசு, கோயில் வரவு செலவு நோட்டு, எல்லாம் சாட்சிதான். கிராணி எழுதிய செக்ரோல் புத்தகம் கிடைத்தால் புதையல். பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை, என்ன கூலி என்று நாள் நாளாக அதில் இருக்கும். தோட்டம் கைமாறும்போதெல்லாம் இந்தப் புத்தகங்களைத்தான் முதலில் கொளுத்துகிறார்கள்.

இன்னொரு புத்தகம் இருக்கிறது. அது இந்தப் பள்ளி அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளி என்று ஒன்று வந்தால் சேர்க்கைப் பதிவேடு வந்துவிடும். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, எந்த லயம், எப்போது நின்றது. ஆட்டுக் கொட்டகை மாதிரி ஒரு பள்ளி, ஓர் ஆசிரியர், அவர் கையெழுத்து. ஏழைத் தமிழனின் பெயரைத் தேதி போட்டு எழுதி வைத்த காகிதம் இந்த நாட்டில் அதிகம் இல்லை. அதில் இது ஒன்று.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி. தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியவில்லை. எழுபது வயதுக்கு மேலும் கையில் சிவப்பு அடையாளக் கார்டுதான். ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "இந்த நாட்டில் பிறந்ததுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டால், "அந்த மூணாவது லயத்துலதாங்க பொறந்தேன், கிணத்துக்குப் பக்கத்து வீடு" என்பார். லயத்தை இடித்துச் செம்பனை நட்டு இருபது வருஷமாயிற்று. கிணறும் இல்லை. கடைசியில் அவர் இரண்டு வருஷம் படித்த தோட்டப் பள்ளியின் பதிவேடு வேறொரு பள்ளியில் பத்திரமாக இருந்தது. அதில் அவர் பெயரும் தகப்பனார் பெயரும் லயத்தின் எண்ணும் இருந்தன. பாட்டி எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்துவிட்டு, "எங்கப்பா பேர சரியா எழுதியிருக்காரு வாத்தியாரு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து மனுவோடு வைத்தார்கள். முடிவு வருவதற்குள் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பிள்ளைகள் அந்தப் படியைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, பெரியவர்களிடம் கேட்பது. இதற்கும் ஒரு முறை இருக்கிறது. "எந்த வருஷம் வந்தீங்க தாத்தா?" என்றால் பதில் வராது. "எந்தக் கப்பல்?" என்று கேளுங்கள். 'ரஜூலா' என்றால் 1926க்கும் 1973க்கும் இடையில். "கங்காணி துண்டு குடுத்துக் கூட்டியாந்தாரு" என்றால் பெரும்பாலும் 1938க்கு முன்னால், ஏனென்றால் அந்த வருஷம் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. "வீடு மாறினது சப்பான்காரன் காலத்துக்கு முன்னயா பின்னயா? அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போனாரா? கம்யூனிஸ்டு காலத்துல வேலி போட்டாங்களா?" இப்படிக் கேட்டால் அவர்களே காலத்தை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு லயத்தில் ஐந்து மாரியம்மா இருப்பார்கள். எந்த மாரியம்மா? யார் மகள், எந்தக் கங்காணி ஆள், ஊரில் எந்தக் கிராமம் என்று சேர்த்து எழுத வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பழைய வீட்டைக் கிளறினால் சண்டையும் வெளிவரும், யார் யாரோடு ஓடிப்போனது என்பதும் வெளிவரும். உயிரோடு இருக்கிறவர்கள் மனம் நோகும்படியானதை நோட்டில் ஏற்ற வேண்டாம். அவர்களே எழுதச் சொன்னால் எழுதுங்கள்.

படம் ஒன்று வரையச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடத் தரையில் விரலால் லயத்தை வரைந்துவிடுவார். இங்கே தண்ணீர்க் குழாய், இங்கே ஆயாக் கொட்டகை, இது பெரட்டுக் களம், இந்த வீட்டில் இன்னார். ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டே போவார். நான் அப்படி ஒரு லயத்தின் பன்னிரண்டு வீட்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் இன்று ஒரு கல் கூட இல்லை.

தலைமையாசிரியரிடம் இரண்டு காரியம் கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையான் பிடிப்பதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கப்படும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுக்கப்படும். அந்தச் செலவு என்னுடையது. முதல் பக்கத்தில் உங்கள் வீட்டில் மூத்தவரின் பெயர், அவர் தகப்பனார் பெயர், பிறந்த லயம். இரண்டாம் பக்கத்தில் அவர் சொல்லும் படம். பள்ளி விடுமுறை முடிந்து வரும்போது கொண்டு வாருங்கள். மூத்தவர்கள் இப்போது வீட்டில் இருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இன்று ராத்திரியே கேட்டு விடுங்கள்.

பலகாரம் ஆறிப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள்.