காஞ்சிபுரத்துக்காரர் எழுதியதைச் சீனத்தில் படிக்க ஆள் வேண்டும்



பல்கலைக்கழக அயல்மொழித் துறைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பை அறிவித்ததுமே நாலைந்து பேர் டீ குடிக்க எழுந்து போனதைக் கவனித்தேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் காஞ்சிபுரத்துக் கதை ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

6ஆம் நூற்றாண்டு. காஞ்சியில் ஓர் அமைச்சருக்கு மகன், பெயர் தர்மபாலர். அரசன் தன் மகளையே கொடுக்க முன்வந்தான். கல்யாண விருந்துக்கு எல்லாம் தயார். அன்றிரவு மாப்பிள்ளை புத்தர் சிலையின் முன்னால் விழுந்து அழுதாராம். தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைதூரத்து மலை விகாரத்தில் விட்டுவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டைவிட்டு ஓடிப்போனார் என்பதைப் பக்தியோடு சொன்னால் இப்படித்தான் சொல்லவேண்டியிருக்கும். ஓடியவர் சும்மா ஓடவில்லை. நாளந்தாவுக்கே தலைவரானார். அவருடைய மாணவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரிடம் வந்து பாடம் கேட்டவர்தான் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். கதையை எழுதி வைத்தவரும் அவரே. தன் குருவின் குரு பிறந்த ஊர் காஞ்சி என்பதை மறக்காமல் எழுதினார்.

தர்மபாலர் வடமொழியில் எழுதிய உரைகளின் மூலப் பிரதிகள் நம் கைக்கு வரவில்லை. அந்த உரைகள் எங்கே பிழைத்திருக்கின்றன தெரியுமா? சீனத்தில். பௌத்த அறிஞர் திங்நாகருடைய ‘ஆலம்பன பரீக்ஷை’ என்ற சின்னஞ்சிறு தர்க்க நூலுக்கு அவர் எழுதிய உரையை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி இத்சிங் சீனத்தில் மொழிபெயர்த்தார். காஞ்சிக்காரர் எழுதியதைக் காஞ்சிக்காரர் படிக்க முடியாமல் ஆயிரத்து இருநூறு வருஷம் போயிற்று. 1942இல் அதைச் சீனத்திலிருந்து திரும்ப வடமொழிக்குக் கொண்டுவந்து அச்சிட்டார்கள். அச்சிட்ட இடம் நம் சென்னை, அடையாறு நூலகம். செய்தவர் நா. அய்யாசாமி சாஸ்திரி. இந்த மேடையில் அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். இதுவரை எந்த மேடையிலும் அவருக்குக் கிடைத்திருக்காது.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்று கொஞ்சம் சொல்கிறேன். திபெத்திய மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் கட்டுப்பாடாக நடந்தவர்கள். அவர்கள் நூலிலிருந்து மூலத்தை ஓரளவு ஊகிக்கலாம். சீனத்தில் மொழிபெயர்த்தவர்கள் அப்படியில்லை. குமாரஜீவர் ஒரு மாதிரி எழுதுவார், பரமார்த்தர் வேறு மாதிரி, யுவான் சுவாங் இன்னொரு மாதிரி. ஒவ்வொருவர் பாணியையும் தனித்தனியாகக் கற்க வேண்டும். திபெத்தியப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற வடமொழி நூல்களில் அந்த வரி மேற்கோளாக எங்காவது வந்திருக்கிறதா என்று தேடி, அதோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் போனாலும் ஆச்சரியப்படமாட்டேன். கட்டுரை எண்ணிக்கை பார்த்துப் பதவி உயர்வு கொடுக்கும் இன்றைய முறையில் சாஸ்திரியார் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றிருப்பார்.

அவர் பின்னால் போய்ச் சேர்ந்த இடம் தாகூரின் சாந்திநிகேதன், அங்கே சீன மொழித் துறையான சீன பவனம். பௌத்த அறிஞர் பாவவிவேகரின் ‘கரதலரத்னம்’ யுவான் சுவாங்கின் சீனத்தில் மட்டும் இருந்தது. அதை மீட்டு 1949இல் அங்குள்ள விசுவபாரதி வழியாக வெளியிட்டார். அயல்மொழித் துறை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சீன பவனம்தான்.

அது ஒரே நாளில் முளைத்ததல்ல. 1921இல் பாரிசிலிருந்து அறிஞர் சில்வென் லெவியை வரவழைத்து, சீனமும் திபெத்தியமும் சொல்லிக்கொடுக்க வைத்தார் தாகூர். அங்கே அவரிடம் கற்ற பிரபோத் சந்திர பாக்சி பிற்காலத்தில் விசுவபாரதியின் துணைவேந்தராகவே ஆனார். 1927இல் தாகூர் சிங்கப்பூர் போனபோது மலாயாவில் ஆசிரியராக இருந்த ஒரு சீன இளைஞரைச் சந்தித்தார். ஹூனான் மாகாணத்துக்காரர், தான் யுன்-ஷான். ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்றார் கவிஞர். 1928இல் அந்த இளைஞர் வந்துவிட்டார். மாணவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. நூலகம் கிடையாது, கட்டடம் கிடையாது. தான் யுன்-ஷான் சீனாவுக்குத் திரும்பிப் போய் ஊர் ஊராகப் பேசி, சங்கம் அமைத்து, பணமும் புத்தகமும் திரட்டிக்கொண்டு வந்தார். 1937 ஏப்ரல் 14, வங்காளப் புத்தாண்டு நாளில் பவனம் திறக்கப்பட்டது. தலைமை தாங்க வேண்டிய நேருவுக்கு உடல்நலமில்லை. அவருடைய உரையை எடுத்து வந்து படித்தவர் மகள் இந்திரா. மூன்றே மாதத்தில் சீனாவில் ஜப்பானியப் போர் மூண்டது. மூன்று மாதம் தாமதமாகியிருந்தால் அந்தக் கட்டடம் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அங்கே நடந்தது வெறும் மொழி வகுப்பு அல்ல. பௌத்த அறிஞர்கள் வந்து தங்கினார்கள். ஓவியர் சூ பெய்ஹோங் 1939இல் வந்து தங்கித் தாகூரை வரைந்தார். சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் 1942இல் வந்தார். அவருடைய எதிரி முகாமான கம்யூனிஸ்டுகளின் சௌ என்லாய் 1957இல் வந்தார். அரசியல் மாறியது, துறை மாறவில்லை.

அப்புறம் 1962. இந்திய-சீன எல்லையில் சண்டை. சீன மொழி படிப்பவனையே ஒரு மாதிரி பார்த்த காலம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சண்டை முடிந்த பிறகுதான் தில்லிக்குப் புரிந்தது, பக்கத்து நாட்டின் பத்திரிகையைப் படிக்கக்கூட நம்மிடம் போதுமான ஆள் இல்லை என்று. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் தொடங்கினார்கள். தான் யுன்-ஷானின் மகன் தான் சுங் அங்கே பாடம் நடத்தினார், பிறகு ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும். 1928இல் விரல்விட்டு எண்ணிய மாணவர்களோடு தொடங்கியதன் பலன் முப்பத்தாறு வருஷம் கழித்துத் தலைநகரத்துக்குத் தேவைப்பட்டது.

எதிர்ப்பக்கத்தார் என்ன செய்தார்கள்? 1963 ஆகஸ்டில், அதாவது சண்டை நடந்து ஓராண்டு ஆவதற்குள், பெய்ஜிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்காகச் சீனப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் வாணி, கலைமகள் என்று தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு பேசியதைச் சிற்றலையில் கேட்டு, கடிதம் எழுதியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அதோ, ஒரு ஐயா கை தூக்குகிறார்! அது பிரசாரம்தானே என்பீர்கள். பிரசாரம்தான். ஆனால் பிரசாரம் செய்வதற்காவது நம் மொழியை ஒழுங்காகக் கற்றார்கள். இன்று பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டப்படிப்பே இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். நம் கல்லூரிகளில் பிரெஞ்சு இருக்கிறது. பிளஸ் டூவில் மதிப்பெண் வரும் என்று எடுத்தவர்கள் அதையே தொடர்கிறார்கள். ஜெர்மன் இருக்கிறது, தேர்வு எழுதி, நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லமாட்டேன். குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் அவர்கள். என் வருத்தம் துறையின் மேல். சான்றிதழ் வகுப்போடு கதவைச் சாத்திவிட்டுப் போனால் அதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? மாடியில் வாடகைக்கு ஓர் அறை போதுமே.

சீனத்தின் ஆகப் பழைய கவிதைத் தொகை ‘ஷி ஜிங்’. அதன் பாடல்களை ஆங்கிலத்தைத் தொடாமல் நேரே சீனத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார்? ‘பயணி’ என்ற புனைபெயரில் எழுதும் ஒரு வெளியுறவுத் துறை அதிகாரி. ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்று சங்கத்தமிழ் வாசனையோடு புத்தகம் வந்தது. வாசித்துப் பாருங்கள், அகநானூற்றுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதைத் தூதரக வேலைக்கு நடுவே ஒரு தனிமனிதர் செய்தார். அவருக்கு நன்றி; நம் துறைகளுக்கு இது பெருமையல்ல.

இன்னொன்றும் சொல்கிறேன்: இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்வெட்டு ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹெயின் கப்பலில் வந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. மூன்றும் ஒரே செய்தியல்ல; சீனம் புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ் தென்னவரை நாயனார் என்ற கடவுளுக்கு, பாரசீகம் அல்லாஹ்வுக்கு. மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட நமக்கு ஒரே ஆள் கிடைப்பாரா? மூன்று பேரைத் தனித்தனியாகத் தேடி ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

ஆகையால் இங்கே வந்திருக்கும் துணைவேந்தர் பெருமக்களுக்கும், கல்லூரி நடத்தும் செல்வந்தர்களுக்கும் என் விண்ணப்பம் சிறியது. பழஞ்சீனம் தெரிந்த ஆசிரியர் ஒருவர். சீனத் திரிபிடகத் தொகுதி ஒரு செட். உதவித்தொகையோடு மூன்று மாணவர்கள். அதில் ஒருவராவது தமிழ் இலக்கியம் படித்தவராக இருக்கட்டும். பத்து வருஷம் யாரும் அவர்களிடம் ‘என்ன சாதித்தீர்கள்’ என்று கேட்கக் கூடாது. புதுக் கட்டடம் வேண்டாம், திறப்பு விழாக் கல்வெட்டும் வேண்டாம். முதல் பாடம் எது என்று நானே சொல்லிவிடுகிறேன்: பௌத்த அறிஞர் ஆரியதேவரின் ‘சதுச்சதக’த்துக்குத் தர்மபாலர் எழுதிய உரை, யுவான் சுவாங் மொழிபெயர்ப்பு. அதைத் தமிழில் நான் பார்த்ததில்லை. காஞ்சிபுரம் இங்கிருந்து பஸ் தூரம்தான். சம்மதம் என்று யாராவது சொன்னால் வகுப்பை அங்கேயே தொடங்கலாம், இடம் பார்த்துத் தரும் பொறுப்பு என்னுடையது.