மறுத்துப் பேசியவர் எங்கே?



‘அதிகாரமும் தலைவரின் மதியும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் பேச்சாளர் நேரே பாண்டியன் அவைக்குப் போவார், சிலம்பை உடைப்பார், மாணிக்கம் தெறிக்கும்போது கைதட்டல் வாங்குவார். அதை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் உங்களை மாஸ்கோவுக்கு அழைத்துப் போகிறேன். ஆண்டு 1941.

சோவியத் தலைவர் ஸ்டாலினை மந்தபுத்திக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். விடிய விடியக் கோப்புப் பார்ப்பவர். பென்சிலும் கையுமாக ஓரத்தில் குறிப்பெழுதிப் படிப்பவர். பல்லாயிரம் புத்தகங்களைச் சொந்தமாக வைத்திருந்தவர். நூலகக் கூட்டத்தில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்கிறேன்: அத்தனை படிப்பும் அந்த ஆண்டு அவருக்கு உதவவில்லை.

ஜெர்மனி படையெடுக்கப் போகிறது என்ற செய்தி அவருக்கு எட்டாமல் இல்லை. டோக்கியோவிலிருந்து ரிச்சர்ட் சோர்கே என்ற உளவாளி எழுதினார். சர்ச்சில் எச்சரித்தார். பெர்லினில் ஜெர்மானிய விமானப்படைத் தலைமையகத்துக்குள்ளேயே இருந்த ஓர் ஆள், எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது, எந்த நேரமும் அடி விழலாம் என்று ஜூன் நடுவில் சொல்லியனுப்பினார். அந்த அறிக்கையின் மேல் ஸ்டாலின் கைப்பட எழுதியதை, தாய்மார்கள் இருக்கும் சபையில் நான் சொல்ல முடியாது. பச்சை வசை. அந்த ஆளே பொய்த்தகவல் பரப்புகிறவன் என்று அதோடு ஒரு தீர்ப்பு.

ஏன்? அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பிரிட்டனை முடிக்காமல் ஹிட்லர் கிழக்கே திரும்பமாட்டான். நம்மைச் சண்டைக்குள் இழுத்துவிட லண்டன்காரன் சூழ்ச்சி செய்கிறான். கேட்டால் நியாயமான கணக்குத்தான். அதை மறுத்து வந்த ஒவ்வொரு செய்தியும் அவருக்குச் சூழ்ச்சியின் சாட்சியாகவே தெரிந்தது. நம் தெருவிலும் சந்தேகப் பிராணிகள் உண்டு. அவர்களால் வீட்டில் நாலு பேருக்குத் தூக்கம் கெடும், அவ்வளவுதான். ஸ்டாலினின் சந்தேகத்துக்குச் சிறைச்சாலை இருந்தது, காவல்துறை இருந்தது, சுடுவதற்கு ஆள் இருந்தது. செஞ்சேனையின் ஐந்து மார்ஷல்களில் மூன்று பேர் அந்தச் சந்தேகத்துக்கே 1937-39க்குள் பலியானார்கள்.

இப்போது இரண்டு பெயர்களைச் சொல்கிறேன், மனத்தில் வையுங்கள். இவான் புரோஸ்குரோவ். விமானி, ஸ்பெயின் போரில் பேர் வாங்கியவர், ராணுவ உளவுத்துறையின் தலைவர். வாயில் வந்ததை முகத்துக்கு நேரே சொல்கிற மனிதர். 1940 ஜூலையில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். போர் தொடங்கிய ஐந்தாம் நாள் கைது செய்தார்கள். அக்டோபரில் சுட்டுக்கொன்றார்கள்.

அவர் நாற்காலிக்கு வந்தவர் கோலிகோவ். 1941 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தார். படையெடுப்புத் திட்டம், எந்தத் திசையில் எந்தப் படை என்ற தகவலெல்லாம் அதில் இருந்தது. முடிவுரையில் மட்டும், இந்த வசந்தத்தில் போர் வரும் என்ற பேச்செல்லாம் எதிரிகள் கிளப்பிவிட்ட புரளி என்று கொள்ளவேண்டும் என எழுதிவைத்தார். தகவலும் கொடுத்தாயிற்று, தலைவர் கேட்க விரும்பியதையும் கொடுத்தாயிற்று. இந்தக் கோலிகோவ் பிற்காலத்தில் மார்ஷல் ஆனார்! சுற்றியிருந்த அதிகாரிகள் இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? யாரைப் போல இருக்கவேண்டும் என்று எந்த அரசாணையும் போட வேண்டியதில்லை.

ஜூன் 14. போர் வதந்தியை நம்பாதீர்கள் என்று சோவியத் செய்தி நிறுவனமே அறிவித்தது. எல்லைப் பாலங்களைத் தாண்டி ஜெர்மனிக்குத் தானிய ரயில்கள் கடைசி நாள்வரை போய்க்கொண்டிருந்தன. ஜூன் 21 இரவு லிஸ்கோவ் என்ற ஜெர்மன் சிப்பாய் ஆற்றை நீந்தி இந்தப் பக்கம் வந்து, விடிந்தால் தாக்குதல் என்றான். நள்ளிரவுக்குப் பிறகு எல்லைக்கு ஆணை போனது: தயாராக இரு, ஆனால் எதிரி சீண்டினாலும் இடம் கொடுத்துவிடாதே!

அதிகாலையில் குண்டு விழுகிறது. ராணுவத் தலைமை அதிகாரி ஜுக்கோவ் தொலைபேசியில் கூப்பிடுகிறார். தலைவர் உறங்குகிறார், எழுப்பக் காவலர் தயங்குகிறார். எழுப்பியபின் செய்தியைச் சொன்னால் பதில் இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது என்று ஜுக்கோவ் எழுதியிருக்கிறார். அந்த ஒரே நாளில் ஏறத்தாழ 1,200 சோவியத் விமானங்கள் போயின. பெரும்பாலானவை தரையில் நின்றபடியே எரிந்தவை.

அதோடு திருந்தினாரா? ஜூலை இறுதியில் கீவ் நகரை விட்டுப் பின்வாங்கலாம் என்றார் ஜுக்கோவ். அவரது பதவி போயிற்று. செப்டம்பரில் கீவில் சிக்கிய சோவியத் வீரர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் என்று ஜெர்மனி கணக்குச் சொன்னது.

இன்னொரு தளபதியைப் பார்ப்போம். ரொக்கோசோவ்ஸ்கி. அவரும் 1937இல் கைதானவர். சிறையில் பல்லை உடைத்தார்கள், 1940இல் விட்டார்கள். 1944 மே மாதம், பெலாரஸ் போருக்கான திட்டக் கூட்டம். ஒரே இடத்தில் முழு பலத்தோடு அடிக்கவேண்டும் என்பது தலைமையின் கருத்து. நிலம் சதுப்பு, இரண்டு பக்கமாக அடிக்கவேண்டும் என்றார் இவர். பக்கத்து அறைக்குப் போய் யோசித்துவிட்டு வா என்றார் ஸ்டாலின். போனார், வந்தார், அதையே சொன்னார். மறுபடியும் அனுப்பினார். திரும்பி வந்தும் அதே பேச்சு. உடைந்த பல்லோடு அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்றாம் முறை ஸ்டாலின் ஒப்புக்கொண்டார் என்று ரொக்கோசோவ்ஸ்கியின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. அந்தக் கோடையில் ஜெர்மானியரின் நடுப்படை நொறுங்கியது.

ஸ்டாலினின் குணம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. தோல்வி கழுத்தைப் பிடித்தபோது மறுத்துப் பேசுகிறவன் தேவைப்பட்டான், அவ்வளவுதான். வெற்றி வந்ததும் பழைய கதை. 1946இல் ஜுக்கோவ் ஒடெசாவுக்குத் தூக்கியடிக்கப்பட்டார். பொறுப்புகளைக் குறைத்து ஓய்வெடுங்கள் என்று சொன்ன சொந்த மருத்துவர் வினோகிராதோவ் 1952இல் சிறைக்குப் போனார். 1953 மார்ச் 1 அன்று பகல் முழுவதும் தலைவர் அறையில் அரவமே இல்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் காவலருக்குத் துணிச்சல் வரவில்லை. இரவில்தான் போய்ப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்து தரையில் கிடந்தார். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில்.

நம் ஊருக்கு வருவோம். ‘அண்ணன் எடுத்த முடிவிலிருந்து பின்வாங்கமாட்டார்’ என்று சுவரொட்டி அடித்து மெச்சுகிறோம். கட்சியோ, கூட்டுறவுச் சங்கமோ, கோயில் திருவிழாக் குழுவோ, அடுத்த முறை ஒருவர் வாக்குக் கேட்டு வந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘போன வருஷம் உங்களை மறுத்துப் பேசியவர் யார்? அவர் இன்று எந்தப் பொறுப்பில் இருக்கிறார்?’ பெயர் சொல்லத் தெரியாதவருக்கு உங்கள் வாக்கு வேண்டாம்.

அடுத்து நம் வாசகர் வட்டத்தின் வரவு செலவு வாசிக்கப் போகிறார்கள். தேநீர் வந்துவிட்டது என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், புரியாத இடத்தில் கை தூக்குங்கள்.