லேப் கதவுக்கு அந்தப் பக்கம்

(எண்ணூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்கா, அண்ணன்மார் எல்லாம் வேலை முடிஞ்ச களைப்போட உட்கார்ந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எண்ணூர்ல பாதுகாப்புன்னு பேச்சு எடுத்தாலே 2023 டிசம்பர் 26 ராத்திரிதான் முதல்ல ஞாபகத்துக்கு வரும். கடலுக்குள் போகிற குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நடுராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். அமோனியாவுக்காவது நெடி இருக்கு, மூக்கு சொல்லிடும். நான் பேச வந்தது நெடியே இல்லாத ஒரு விஷயம். நம்ம ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் லேப்புக்குப் போகுதே, அதுக்கப்புறம் அது என்ன ஆகுது? நாம லேப்ல கேட்கிறது "ரிசல்ட் எப்ப வரும்" என்ற ஒரே கேள்விதான்.

லேப்னா பயப்படணும்னு நான் சொல்லல. கிண்டியில் இருக்கிற கிங் நிலையம் 1899-ல் தொடங்கியது. பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த இடம் அது. 2020-ல் கொரோனா வந்தப்போ தமிழ்நாட்டில் முதலில் பரிசோதனை நடந்ததும் அங்கேதான். லேப் இல்லாமல் வைத்தியமே இல்லை. ஆனால் கட்டுப்பாடு இல்லாத லேப் என்ன செய்யும் என்பதற்கு அதே பெரியம்மையில் ஒரு கதை இருக்கு.

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். நோய் ஒழிந்தது என்று உலகமே மூச்சு விட்ட நேரம். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் புகைப்படக்காரராக இருந்த ஒரு பெண்ணுக்குப் பெரியம்மை வந்து, அவர் இறந்துபோனார். அவர் வைரஸைத் தொட்டவரே இல்லை. பெரியம்மை ஆராய்ச்சி நடந்த லேப்புக்கு மேல் தளத்தில் வேலை பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அந்த வைரஸை எங்கெங்கோ வைத்திருந்தவர்கள் அழித்தோ ஒப்படைத்தோ விட்டார்கள். இன்றைக்கு அது அதிகாரபூர்வமாக இருக்கிற இடங்கள் இரண்டுதான்: அமெரிக்காவில் அட்லாண்டா, ரஷ்யாவில் கோல்ட்சோவோ.

நம்ம நாட்டில் ஆபத்தான நுண்ணுயிரிகளைக் கையாள்வதற்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-லேயே விதிகள் வந்துவிட்டன. லேப்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை உயிரிப் பாதுகாப்பு நிலைகள் உண்டு. டிபி-யையே எடுத்துக்கலாம். சளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. அதே கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு பார்க்கணும்னா, ஒரு சின்ன குழாய்க்குள்ளேயே கிருமி பல மடங்கு பெருகிடும். அதுக்கு மூன்றாம் நிலை லேப் வேணும். உள்ளே இருக்கிற காற்று வடிகட்டாமல் வெளியே போகாது. சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் அப்படி ஒன்று இருக்கு. நான்காம் நிலை லேப் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்தில் இருக்கு. 2018-ல் கேரளாவில் வந்தது நிபாதான்னு உறுதி செய்தது அந்த நிலையம்தான்.

சரி, நம்ம தெருமுனை லேப்? அதுக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997 இருக்கு. அதன் கீழ் பதிவு செய்து, சான்றிதழை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டணும். உள்ளே போனதும் சுவரைப் பாருங்க. சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இல்லைன்னா கேளுங்க, கேட்கிறதுல தப்பே இல்லை. என்.ஏ.பி.எல். முத்திரை என்பது தரத்துக்கான அங்கீகாரம். இந்தப் பதிவுக்கு அது மாற்று ஆகாது.

என் பார்வையில், சான்றிதழைவிட முக்கியம் குப்பைத் தொட்டி. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 ஒரு அறையில் நடக்கிற லேப்புக்கும் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேணும். கிருமி இருக்கிற மாதிரிகளை முதலில் லேப்பிலேயே கிருமி நீக்கணும்; ஆட்டோகிளேவில் என்றால் 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். அதுக்கப்புறம்தான் மஞ்சள் பை. பிளாஸ்டிக் குழாய்களுக்குச் சிவப்பு, கண்ணாடிக்கு நீலம், ஊசிகளுக்குக் குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பா. பைகளில் பார்கோடு இருக்கணும். கிருமி நீக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இதில் ஒரு படியை விட்டுட்டு ஊசியைச் சாதாரண குப்பையில் போட்டா, குத்துவது லேப்காரரையோ டாக்டரையோ இல்லை. விடியற்காலையில் நம்ம தெருவில் குப்பை அள்ளுகிற தூய்மைப் பணியாளர் கையைத்தான். கொடுங்கையூர் கிடங்கில் பிளாஸ்டிக் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் கையைத்தான். ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. இரண்டும் அப்படி ஒரு குத்தில் தொற்றக்கூடியவை. தன்னைக் குத்தியது யாருடைய ஊசின்னு அவங்களுக்குத் தெரியவே போறதில்லை.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கழிவோடு கிடந்த காகிதங்கள் அது எங்கிருந்து வந்ததுன்னு காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 2025-ல், மருத்துவக் கழிவை இப்படிக் கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்யும் திருத்தத்தை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. அங்கே முதலில் பார்த்துச் சொன்னது ஊர் மக்கள்தான்.

அதனால, முகத்துவாரம் ஓரத்திலோ பக்கிங்காம் கால்வாய்க் கரையிலோ மஞ்சள், சிவப்புப் பைகளைப் பார்த்தா தொடாதீங்க, பிள்ளைகளையும் நெருங்க விடாதீங்க. தூரத்தில் நின்று போனில் படம் எடுங்க. பார்கோடு தெரிஞ்சா அதையும் ஜூம் பண்ணி எடுங்க, பை யாருடையதுன்னு கண்டுபிடிக்க அது உதவும். மாநகராட்சிக்கு 1913, முதல்வரின் முகவரிக்கு 1100. சொல்லிட்டு, புகார் எண்ணைக் குறிச்சு வைங்க.

இன்னொரு விஷயம், இது நம்ம வீட்டுக்குள்ளே. சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்க எத்தனை பேர் கை தூக்குங்க... பரவாயில்லை, நிறைய பேர் இருக்கீங்க. ஊசியைக் காய்கறிக் குப்பையோட போடாதீங்க. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, இறுக மூடி, மேலே "ஊசி"ன்னு எழுதி, குப்பை வாங்க வர்ற அக்கா கையில் தனியா கொடுங்க. உள்ளே என்ன இருக்குன்னு வாயாலயும் சொல்லிடுங்க.

இனி உங்க கேள்விகளைக் கேட்கலாம்.