கரடிக்கு நான் வைத்த விருந்து



"அமெரிக்காவுல பார்த்ததைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். பாலம், கட்டடம் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே ஒரு மலையைப் பற்றிச் சொல்கிறேன்.

டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது கிரேட் ஸ்மோக்கி மலை. 1934-இல் தேசியப் பூங்காவானது. சென்ற அக்டோபரில் அதன் அடிவாரத்தில் ஒரு மர வீட்டை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, மனைவி, மகனுடன் தங்கினேன். மலை முழுக்க மஞ்சளும் சிவப்பும். "யாருப்பா பெயிண்ட் அடிச்சது?" என்றான் மகன். பகல் குறைந்து குளிர் வந்ததும் மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் இருப்பதுதான். பச்சை விலகியதும் தெரிகிறது. சிவப்போ இலையில் தேங்கும் சர்க்கரையால் புதிதாக உண்டாவது. உச்சியில் தொடங்கும் நிறமாற்றம் மெல்ல அடிவாரத்துக்கு இறங்கி வரும்.

வீட்டு மேஜையில் ஒரு தாள் இருந்தது. குப்பையை வெளியே இருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டச் சொல்லியிருந்தார்கள். நான் படிக்கவில்லை. படித்த மனைவி சொன்னபோது, "காலையில பாத்துக்கலாம்" என்று மீந்த புளியோதரையையும் கோழி எலும்புகளையும் பையில் கட்டித் திண்ணையில் வைத்தேன்.

நள்ளிரவில் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் கருங்கரடி! நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. மகனுக்கு ஆனந்தம். நானும் பெருமையாகப் படம் எடுத்தேன்.

காலையில் படத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்க, இலையுதிர் காலத்தில் கரடி ஓயாமல் இரை தேடுமாம். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்டால் பயம் விட்டுப்போய் மறுபடி மறுபடி வரும், கதவை உடைக்கும், கடைசியில் கொன்றுவிட வேண்டி வரும். "நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. அது இங்கேதானே இருக்கணும்?" என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

உடனே வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். திண்ணையைத் தேய்த்துக் கழுவினேன். அன்று கேட்ஸ் கோவ் சாலையின் 11 மைலிலும் மான்களைப் பார்த்தோம், காட்டு வான்கோழிகளைப் பார்த்தோம். மனசு மட்டும் கரடியிடமே இருந்தது.

தம்பி தங்கைகளே, கையேட்டைப் படிக்காமல் சுவிட்சைப் போடுகிற ஜாதி நாம். அடி நமக்கு விழுந்தால் போகட்டும்; வேறொரு உயிருக்கு விழக் கூடாது. மேஜையில் இருக்கும் தாளை முதலில் படியுங்கள்.

அந்தக் கரடி இன்னும் காட்டில்தான் இருக்கிறது என்று நம்ப ஆசைப்படுகிறேன்.