நாளைய கடற்படை: தெரிவும் தொடர்ச்சியும்



ஒரு போர்க்கப்பலைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அது முப்பது ஆண்டுகள் கடலில் பணியாற்றுகிறது. எனவே, கலங்களைத் தெரிவு செய்வோர் இன்றைய தேவையை மட்டும் கருதினால் போதாது. அவற்றைக் கட்டும் திறன் நாட்டில் நிலைத்து நிற்குமா என்பதையும் கருத வேண்டும்.

நமது நீர்மூழ்கிகளே இதற்குச் சான்று. ஜெர்மானிய வடிவமைப்பில் மும்பை மசகான் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட ‘ஷல்கி’ 1992-லும், ‘ஷங்குல்’ 1994-லும் கடற்படையில் சேர்ந்தன. பின்னர் 2005 வரை அத்தளத்திற்குப் புதிய நீர்மூழ்கிக்கான ஆணை கிடைக்கவில்லை. பயின்ற கைகள் கலைந்தன. பிரெஞ்சு வடிவமைப்பிலான ‘கல்வரி’ 2017-இல்தான் பணியில் சேர்ந்தது. இடைவெளி 23 ஆண்டுகள்!

மேற்பரப்புக் கப்பல்களின் கதை வேறு. பிரிட்டிஷ் வடிவமைப்பில் அதே தளம் கட்டிய ‘நீலகிரி’ 1972-இல் சேர்ந்தது. 1983-இல் சேர்ந்த ‘கோதாவரி’ நமது வடிவமைப்பாளர்களே வரைந்தது. கொச்சியில் உருவான விமானந்தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’ 2022-இல் சேர்ந்தது. பணி தொடர்ந்ததால் திறனும் வளர்ந்தது. விமானங்களிலோ நாம் இன்னும் பிறரைச் சார்ந்துள்ளோம். கடற்படைக்காக 26 ரஃபேல் விமானங்கள் வாங்க 2025-இல் பிரான்சுடன் ஒப்பந்தமாயிற்று.

நிதி நெருக்கடியில் ஆணையை நிறுத்துவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால், இழந்த திறனை மீட்கும் செலவு அதனினும் பெரிது. எண்ணிக்கை சிறிதாயினும், ஆணை இடையறாது தொடர வேண்டும்.