வெயில் காலத் தங்கமீன்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகிறவர்கள் ஆசையாக வாங்குவது தங்கமீன். அதிலும் குண்டு உடம்பும் நீண்ட துடுப்புமான ஒரண்டா, ரியூகின் வகைகள். கெண்டை இனம், பூர்வீகம் சீனா. குளிர்ந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும்.

நம் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அதற்கு முதல் தொல்லை மூச்சு. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறினால் மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று தீனி போட்டுவிடாதீர்கள், பாவம், அது மூச்சுத் திணறலாக இருக்கலாம்.

கண்ணாடிக் குடுவை வேண்டவே வேண்டாம். தாழ்வார நிழலில் வாயகன்ற தொட்டி வையுங்கள். காற்று பம்பு ராத்திரியிலும் ஓடட்டும். ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டால் திடீர்க் குளிர்ச்சியில் மீன் துவண்டுவிடும். தீனியைக் குறையுங்கள், மிச்சத்தை உடனே அள்ளிவிடுங்கள். அழுகும் தீனியும் ஆக்சிஜனைத் தின்னும். கரண்ட் போய்விட்டதா? தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு, கொஞ்சம் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள், காற்று கலந்துவிடும்.